பழைய பித்தளை ஸ்டவ்வை மீண்டும் ஏற்றுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, ஆவியாக்கி, புகையில்லாத நீலச் சுடராக எரிக்கும் அடுப்பை 1892-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிற்சாலை மெக்கானிக் உருவாக்கினார். ப்ரைமஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென் 1895-இல் ஃபிராம் கப்பலை விட்டிறங்கி வடதுருவத்தை நோக்கிச் சறுக்குவண்டியில் புறப்பட்டபோதும், அண்டார்க்டிகா ஆய்வாளர் ஷாக்கிள்டனும் இரு தோழர்களும் 1916-இல் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை நடந்தே கடந்தபோதும், அவர்களுடன் சென்றது இந்த அடுப்புதான். 1953 மே 29 அதிகாலையில், எவரெஸ்டின் கடைசி முகாமில் எட்மண்ட் ஹிலாரி தம் காலணிகள் கல்லாக உறைந்திருப்பதைக் கண்டு, ஸ்டவ்வின் சுடர் மீது நெடுநேரம் பிடித்து அவற்றை இளக்கிய பிறகே டென்சிங்குடன் உச்சிக்குக் கிளம்பினார். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எரிவாயு வருவதற்கு முன்பு பல பத்தாண்டுகள் இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வும் இதே வம்சத்தைச் சேர்ந்ததே.

இன்று எடை குறைந்த எரிவாயுக் குப்பி அடுப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆயினும் உலகின் பல பகுதிகளில் மலையேறுவோரும் முகாமிடுவோரும் அறுபது, எழுபது ஆண்டுப் பழைமையான பித்தளை அடுப்புகளைத் தேடி வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். பழைமையின் மீதுள்ள பற்று மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. இந்த அடுப்பின் ஒவ்வோர் உறுப்பையும் திருகிக் கழற்றலாம், கண்ணால் பார்க்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு துண்டுத் தோல், ஒரு ரப்பர் வாஷர் இருந்தால், தாத்தா காலத்து அடுப்பு இன்று மாலை எரியும். கையாளுபவருக்கு முழுமையாகப் புரிந்துவிடக்கூடிய இயந்திரங்கள் இப்போது அரிதாகிவிட்டன. இந்த அடுப்பு அப்படிப்பட்ட ஒன்று என்பதே அதன் நீடித்த ஈர்ப்பு. ஆகவே, வாங்கிப் பார்வைக்கு வைப்பதற்காக அல்லாமல், பிரித்துச் சீர்செய்து, பாதுகாப்பாக ஏற்றிச் சமைப்பதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. தொடக்கநிலையினருக்கு மண்ணெண்ணெய் அடுப்பே பொருத்தம் என்பதால் பெரும்பகுதி அதைப் பற்றியதே. பெட்ரோல் வகை அடுப்புகளைப் பற்றி இறுதியில் சுருக்கமாகச் சொல்லப்பட்டுள்ளது.

முதலில், அது எப்படி எரிகிறது

கையில் எடுப்பதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் விளக்கம் இதில்தான் இருக்கிறது. மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்போது சுத்தமாக எரியாது. புகையும் கரியுமாக மஞ்சள் சுடர்தான் வரும். அது ஆவியாக வேண்டுமானால் ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். தொட்டியில் பம்ப் அடிக்கும்போது காற்று எண்ணெயின் மேற்பரப்பை அழுத்துகிறது. எண்ணெய் நடுக்குழாய் வழியாக ஏறி, பர்னரின் வளைந்த குழாய்களுக்குள், சுடர் நேராகத் தீண்டும் இடத்தைக் கடந்து செல்கிறது. அங்கே ஆவியாகி, கீழிறங்கி, நடுவிலுள்ள நிப்பிளின் ஊசிமுனைத் துளை வழியே மேல்நோக்கிப் பாய்கிறது. அந்தத் துளையின் விட்டம் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பாயும் ஆவி சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டு, மேலே உள்ள வட்டத் தகட்டில் மோதிப் பரந்து எரிகிறது. எரியும் சுடரே பர்னரைத் தொடர்ந்து சூடாக வைத்துக்கொள்வதால், ஒருமுறை பற்றிக்கொண்டால் அடுப்பு தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். முதல் சூட்டை மட்டும் நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஏற்றுவதில் உள்ள திறமை முழுவதும் அந்த முதல் சூட்டில் அடங்கியிருக்கிறது.

தகட்டில் மோதி இரைச்சலுடன் எரியும் பர்னர் ஒரு வகை. துளைகள் நிறைந்த மூடிகள் வழியே ஓசை குறைவாக எரியும் பர்னர் மற்றொரு வகை. முதல் வகையில் பாகங்கள் குறைவு, காற்றில் எளிதில் அணையாது, சீர்செய்வதும் எளிது. தொடங்குபவர்கள் இரைச்சல் வகையையே தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

எந்த அடுப்பைத் தேடுவது

சுவீடனில் ப்ரைமஸ் நிறுவனத்துடன் ஆப்டிமஸ், ஸ்வியா, ரேடியஸ் ஆகிய பெயர்களிலும் ஏராளமான அடுப்புகள் தயாரிக்கப்பட்டன. ஆப்டிமஸ் 1899-இல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ப்ரைமஸின் திரவ எரிபொருள் அடுப்புத் தொழிலும் ஸ்வியாவும் அதனிடமே வந்து சேர்ந்தன. இந்தப் பெயர்களுக்கிடையே பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்துவதால், எந்தப் பெயர் கிடைத்தாலும் தயங்க வேண்டியதில்லை. பயணத்துக்கு ஏற்றவை கால்களையும் பர்னரையும் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடக்கூடிய சிறிய மாதிரிகள்: ஆப்டிமஸ் 00, ப்ரைமஸ் 96 போன்றவை. முன்னதன் தொட்டி சுமார் அரை லிட்டர் கொள்ளும்; பின்னது அதைவிடச் சிறியது, தனியாகப் பயணிப்பவருக்குப் போதும். வீட்டு உபயோகத்துக்காகச் செய்யப்பட்ட பெரிய ப்ரைமஸ் எண் 1 வகை, சுமப்பதற்குக் கனமாக இருந்தாலும் கற்றுக்கொள்வதற்கு மிக நல்லது.

இந்தியாவிலும் இதே அமைப்பில் பித்தளை ஸ்டவ்கள் பெருமளவில் தயாரிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை எடைக்குப் போடப்பட்டு உருக்கப்பட்டுவிட்டன என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் பழைய பித்தளைப் பாத்திரக் கடைகளிலும், காயலான் கடைகளிலும், உறவினர் வீட்டுப் பரண்களிலும் இன்னும் கிடைக்கின்றன. வெளிநாட்டு அடுப்பை அதிக விலைக்கு வாங்குவதற்கு முன், பரணைப் பார்த்துவிடுவது நல்லது.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

அழுக்கும் களிம்பும் பொருட்டல்ல. கரி படிந்த பர்னரும் காய்ந்துபோன தோல் வாஷரும் பொருட்டல்ல. உண்மையில் விலக்க வேண்டியது தொட்டியில் உள்ள வெடிப்பு. தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தகடும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பையும், பம்ப் குழாயும் எண்ணெய் ஊற்றும் வாயும் பற்றவைக்கப்பட்ட இடங்களையும் நல்ல வெளிச்சத்தில் ஆராயுங்கள். மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலோ, அடித்தகடு வெளியே புடைத்திருந்தாலோ, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எரிப்பதற்காக வாங்காதீர்கள். பிற்காலத்தில் ஈயப்பற்று வைத்து அடைத்த தடயம் இருந்தாலும் அப்படியே விலக்குங்கள். வெளியிலிருந்து உள்நோக்கிய சிறு நசுங்கல் மட்டும் இருந்தால் பாதகமில்லை.

பித்தளை ஏன் தானாகவே வெடிக்கிறது என்பதற்கு இந்திய மண்ணோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாவும் ஈரமும், அழுத்தி வடிவமைக்கப்பட்டபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அந்த வெடிப்பை உண்டாக்குகின்றன என்பது 1921-இல் தெளிவாக்கப்பட்டது. ஸ்டவ் தொட்டியும் அழுத்தி வடிவமைக்கப்பட்ட பித்தளைதான். எனவே அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் அதன் மீது போடாதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்குத் துலக்கும் புளியே போதும். தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி, துடைத்து, உலர்த்திவிட வேண்டும்.

அடுத்து, பர்னரின் மேலுள்ள வட்டத் தகடு, கால்கள், மூடி, தொட்டியின் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திருகு ஆகிய அனைத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தகடு இல்லாத பர்னரில் சுடர் பரவாமல் மேலே நெட்டாக எரியும். பர்னரின் குழாய்களில் தீய்ந்து மெலிந்த இடங்கள் இருந்தால் புது பர்னர் தேவைப்படும்; பெரும்பாலான அளவுகளுக்குப் புதிதாகச் செய்யப்பட்ட பர்னர்கள் இப்போதும் கிடைக்கின்றன. பம்ப் இறுகியிருந்தால் முறுக்கி இழுக்காதீர்கள். சில சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள்.

பிரித்துச் சீர்செய்தல்

இந்த வேலைக்கு ஓர் அரை நாளை ஒதுக்குங்கள். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போனால் மீண்டும் மாட்டும்போது குழப்பம் வராது.

பம்ப் தண்டிலிருந்து தொடங்குங்கள். பம்பின் மூடியைத் திருகித் தண்டை உருவினால், நுனியில் கிண்ண வடிவத் தோல் வாஷர் தெரியும். காய்ந்து சுருங்கியிருந்தால், அது குழாயின் சுவரைத் தொடாமல் போய்வரும். பம்ப் அடித்தாலும் எதிர்ப்பு இருக்காது. இயந்திர எண்ணெயில் இரவு முழுவதும் ஊறவைத்து, விரல்களால் விளிம்பை மெல்ல வெளிப்புறம் விரித்துவிட்டால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். கிழிந்திருந்தால் புதிது வேண்டும். சைக்கிள் பம்புக்கு விற்கும் தோல் வாஷர் அளவு பொருந்தினால் தாராளமாக அதைப் பயன்படுத்தலாம். சமையல் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் அது பிசினாக ஒட்டிக்கொள்ளும். வாஷரின் திறந்த வாய் தொட்டியின் பக்கம் பார்க்க வேண்டும். திரும்ப நுழைக்கும்போது விளிம்பு மடங்கிக்கொள்ளாதபடி தண்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள்.

பம்ப் குழாயின் அடியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒருவழி வால்வு இருக்கிறது. பம்ப் தள்ளும் காற்றை உள்ளே விட்டு, எண்ணெயையும் காற்றையும் திரும்பி வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதன் முனையில் மிளகளவு கார்க் அல்லது ரப்பர் துண்டு. பழைய அடுப்புகளில் இந்தத் துண்டு கல்லாகக் கடினமாகியிருக்கும். இதைக் கழற்ற நீண்ட தண்டுடைய தனிச் சாவி தேவை. அதைத் தவிர்க்க மூக்குக் குறடால் முயன்றால் வால்வின் தலை சிதையும், பிறகு எடுக்கவே முடியாது. சாவியை வாங்குங்கள், அல்லது லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். கழற்றிய வால்வில் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் துண்டைப் பொருத்துங்கள். சைக்கிள் டியூப் ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். இந்த வால்வு கெட்டிருப்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: பம்ப் அடித்த பிறகு தண்டு தானாக மேலெழும்பும், அல்லது பம்ப் குழாய்க்குள் மண்ணெண்ணெய் சேர்ந்திருக்கும். இரண்டில் எது தெரிந்தாலும் சரிசெய்யாமல் ஏற்றக் கூடாது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் கீழுள்ள வாஷரையும் அதே நைட்ரைல் ரப்பரால் மாற்றிவிடுங்கள். காற்றுத் திருகின் கூம்பு முனை உலோகத்தோடு உலோகமாக அமர்வது. அதற்கு வாஷர் கிடையாது, துடைத்தாலே போதும். பர்னரும் தொட்டியின் நடுக்குழாயும் சேரும் இடத்தில் ஈய வாஷர் இருக்கும். பர்னரைக் கழற்றினால் அதைப் புதிதாகப் போடுவதே முறை. அங்கே குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை நாடாவைச் சுற்றக் கூடாது, சூட்டைத் தாங்காது. பர்னரைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் பர்னரையும் மற்றொன்றால் நடுக்குழாயையும் பிடித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் முறுக்கு முழுவதும் தொட்டியின் மெல்லிய மேற்சுவரில் இறங்கி அதைக் கிழித்துவிடும்.

நிப்பிளுக்கு ஸ்டவ் பின் போதும். மெல்லிய தகரப் பிடியின் முனையில் கம்பி இழை பொருத்திய அந்தச் சிறு கருவியை நேராக மேலிருந்து இறக்கி, அதே கோட்டில் எடுக்க வேண்டும். சாய்த்து அசைத்தால் இழை துளைக்குள்ளேயே ஒடிந்துகொள்ளும். அல்லது துளை நீள்வட்டமாகி, சுடர் ஒரு பக்கம் சாய்ந்து எரியத் தொடங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளை ஊசிமுனை வெளிச்சமாக, வட்டமாகத் தெரிய வேண்டும். எவ்வளவு தேடியும் பொருத்தமான பின் கிடைக்கவில்லையே என்று தையல் ஊசியை நுழைத்து நிப்பிளைப் பாழாக்கியவர்கள் பலர்.

தொட்டிக்குள் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தால், கொஞ்சம் புது மண்ணெண்ணெயும் ஒரு சிறு சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கி, கசடு நின்று தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பர்னரைச் சூடேற்றப் பழைய ஸ்டவ்வோடு வரும் தீப்பந்தக் கம்பியின் நுனியில் சாம்பல் நிறப் பஞ்சு போல ஏதேனும் சுற்றப்பட்டிருந்தால், அது அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதை உதிர்க்காமல், ஈரப்படுத்தி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

காற்றுச் சோதனை

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் இதைத் தவிர்க்கவே கூடாது. தொட்டி காலியாக இருக்கட்டும். நிப்பிளுக்குப் பதிலாக அடைப்பான் இருந்தால் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பர்னரைக் கழற்றி நடுக்குழாயை அதற்குரிய மூடியால் அடையுங்கள். காற்றுத் திருகை மூடி, அதன் சொந்தப் பம்பால் மட்டும் பதினைந்து, இருபது முறை அடித்து, தண்ணீர் வாளியில் முழுவதும் அமிழ்த்துங்கள். கம்ப்ரசரையோ வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பையோ ஒருபோதும் இணைக்காதீர்கள். சில நிமிடங்கள் பொறுமையாகப் பாருங்கள். மூடியிலிருந்து குமிழி வந்தால் வாஷர். பர்னர் இணைப்பிலிருந்து வந்தால் ஈய வாஷர். பம்ப் குழாயிலிருந்து வந்தால் ஒருவழி வால்வு. இவை மூன்றும் நம் கைக்குள் உள்ளவை. தொட்டியின் உடம்பிலிருந்தே குமிழி வந்தால், அந்த அடுப்பு இனி அலமாரிக்கு உரியது.

எரிபொருள்

மண்ணெண்ணெய் அடுப்பில் மண்ணெண்ணெய் மட்டுமே. பெட்ரோல் அறை வெப்பத்திலேயே, உறைபனியிலும்கூட, தீப்பற்றும் ஆவியை வெளிவிடும். அணைப்பதற்காக இந்த அடுப்பின் காற்றுத் திருகைத் திறந்தால் அந்த ஆவி நேராகச் சுடரை நோக்கி வரும். பெட்ரோலைச் சிறிதளவு கலப்பதும் அதே ஆபத்துதான். நம் நாட்டில் நடந்த ஸ்டவ் விபத்துகள் பலவற்றுக்குக் கலப்படமும் எரியும்போதே எண்ணெய் ஊற்றியதும் காரணமாக இருந்தன என்பதை மறக்கக் கூடாது. நிறமில்லாத, தெளிந்த மண்ணெண்ணெயை மெல்லிய துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ வடித்து ஊற்றுங்கள். ரேஷனில் தரப்படும் எண்ணெய் அடையாளத்துக்காக நீலச் சாயம் சேர்க்கப்பட்டது; அது குடும்ப அட்டைதாரரின் சமையலுக்கும் விளக்குக்கும் உரியது. முதல் சூட்டுக்கு எரிசாராயம் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) சிறந்தது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் உதவும், சற்றே கரி படியும். மண்ணெண்ணெயையே கிண்ணத்தில் ஊற்றிச் சூடேற்றுவது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது என்றாலும், அது பர்னரைக் கரியாக்கி நிப்பிளை அடைக்கிறது.

முதல் முறை ஏற்றுவது

திறந்தவெளியில், சமமான தரையில், உலர்ந்த புல்லும் சருகும் இல்லாத இடத்தில் அடுப்பை வையுங்கள். பருத்தி உடை அணியுங்கள், தொங்கும் துணிகளை முடிந்துகொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நனைத்த சாக்கோ மணல் வாளியோ இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தொட்டியில் முக்கால் பங்கு வரை எண்ணெய் ஊற்றுங்கள். மீதியிடம் காற்றுக்கு வேண்டும். சிந்தியதைத் துடையுங்கள், எண்ணெய்ப் புட்டியை மூடி அப்பால் கொண்டுபோய் வையுங்கள். மூடியை இறுக்குங்கள். காற்றுத் திருகு இப்போது திறந்தே இருக்க வேண்டும். பர்னரின் கழுத்தைச் சுற்றியுள்ள சிறு கிண்ணத்தில் எரிசாராயத்தை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பிக் கொளுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். அணைந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் சாராயம் ஊற்றுவது மிக ஆபத்தானது. உள்ளங்கையைத் தள்ளிப் பிடித்து அனலை உணர்ந்து பாருங்கள்.

இப்போது காத்திருக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். சாராயம் பாதி எரிந்ததும் பம்ப் அடித்துவிடுகிறார்கள்; பர்னர் போதிய அளவு சூடாகாததால், நிப்பிளிலிருந்து ஆவிக்குப் பதில் திரவ எண்ணெய் பீறிட்டு, ஓரடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழுகிறது. கிண்ணத்தில் சாராயம் ஏறத்தாழத் தீரும் தறுவாயில், சுடர் துடித்துத் தாழும்போது, காற்றுத் திருகை மூடி, பம்பை மெதுவாக இரண்டே இரண்டு முறை அடியுங்கள். முதலில் ஒரு சீறல் கேட்கும். வட்டத் தகட்டின் விளிம்பைச் சுற்றி நீல வளையம் ஒன்று தோன்றும். பிறகு அந்தச் சீறல் தடித்து, சீரான இரைச்சலாக மாறும். மஞ்சள் நுனிகள் இன்னும் எட்டிப்பார்த்தால் பம்பைத் தொடாதீர்கள், அரை நிமிடம் விடுங்கள். தகடு செவ்வொளி கொள்ளத் தொடங்கியதும் பத்து, பன்னிரண்டு முறை அடித்து முழு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்மிகுந்த இடத்திலும் காற்று வீசும்போதும் ஒரு கிண்ணம் சாராயம் போதாது. முதல் கிண்ணம் முழுதாக எரிந்து அணைந்து, சற்று ஆறிய பிறகே இரண்டாவதை ஊற்ற வேண்டும்.

மஞ்சள் தீ எழுந்துவிட்டால் பதற வேண்டாம். கையைப் பக்கவாட்டிலிருந்து நீட்டிக் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். அழுத்தம் போனால் எண்ணெய் ஏறாது, மிச்சம் எரிந்து அடங்கும். முழுவதும் ஆறிய பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். அடுப்பை ஏற்றும் முன்பே, குளிர்ந்த நிலையில், கண்ணை மூடிக்கொண்டு காற்றுத் திருகைத் தேடித் திறந்து பழகிவையுங்கள். அந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

சுடரைக் குறைக்கக் காற்றுத் திருகை இம்மியளவு திறந்து கொஞ்சம் அழுத்தத்தை வெளியேற்றி மூட வேண்டும். கூட்ட மீண்டும் பம்ப் அடிக்க வேண்டும். இந்த முறையில் சாதத்தை வடிப்பதும் பருப்பை வேகவைப்பதும் எளிது, பால் காய்ச்சுவதற்குக் கவனம் தேவை. அணைக்கத் திருகை முழுதாகத் திறந்தால் போதும். எரியும் அடுப்பிலோ சூடான அடுப்பிலோ எண்ணெய் ஊற்றக் கூடாது என்பதற்கு எந்த விதிவிலக்கும் இல்லை.

எரியும்போது வரும் சிறு தொல்லைகள்

சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால், நிப்பிளில் துகள் இருக்கிறது அல்லது பர்னர் சூடு போதவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தகடு கோணலாக அமர்ந்திருக்கும், அல்லது துளை சிதைந்திருக்கும். எரிய எரிய வலுவிழந்து, பம்ப் அடித்ததும் தேறி, மீண்டும் தளர்ந்தால் எங்கோ காற்றுக் கசிவு. காற்றுச் சோதனைக்குத் திரும்புங்கள். நிப்பிளைச் சுத்தம் செய்தும் சுடர் வலுப்பெறாவிட்டால் பர்னரின் உட்குழாய்களில் கரி படிந்திருக்கும். அதைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவதால் ஓரளவு சரியாகும். முற்றிலும் அடைத்துவிட்டால் புது பர்னர் மாற்றுவதே நல்லது.

எங்கே பயன்படுத்தலாம்

குளிரில்தான் இந்த அடுப்பின் அருமை தெரியும். எரிவாயுக் குப்பியில் உள்ள பியூட்டேன், சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் அழுத்தத்தைத் தருவது நம் கை என்பதால், வெளிக்குளிர் அதைப் பாதிப்பதில்லை. இமயமலைப் பயணங்களில் மண்ணெண்ணெய் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இதுவும், மலைக் கிராமங்களிலும் அது கிடைத்ததும் காரணங்கள்.

கூடாரத்துக்குள் ஏற்றாதீர்கள். தீ ஒருபுறமிருக்க, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தமிழ்நாட்டின் காப்புக் காடுகளில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். வனத்துறையின் அனுமதி இல்லாத இடங்களில் ஸ்டவ்வை எடுக்கவே கூடாது. ரயிலில் மண்ணெண்ணெய் கொண்டுசெல்வதும் குற்றமே. விமானத்தில் எரிபொருளுக்கு இடமில்லை. பயன்படுத்திய அடுப்பைக்கூட நிறுவனத்தின் முன் அனுமதியின்றி ஏற்பதில்லை. எனவே எண்ணெயைச் சேரும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளத் திட்டமிடுங்கள்.

பெட்ரோல் வகை அடுப்புகள்

மண்ணெண்ணெய் அடுப்பில் கை பழகிய பிறகே இவற்றுக்குப் போக வேண்டும். இவற்றில் மிகவும் விரும்பப்படுவது 1955-இல் வெளிவந்த ஸ்வியா 123. அரை கிலோ எடையில், உள்ளங்கையில் அடங்கும் பித்தளை உருளை, பம்பே கிடையாது. எரியும் பர்னரின் சூடு தொட்டிக்கு இறங்கி, அதுவே அழுத்தத்தை உண்டாக்குகிறது; உள்ளே பருத்தித் திரி எரிபொருளை மேலிழுக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காகக் கோல்மேன் நிறுவனம் செய்த 520 என்ற சிறு அடுப்பும் தேடி வாங்கப்படுவதே; அதில் பொறித்துள்ள எண்களைக் கொண்டு தயாரிப்பு ஆண்டை அறியலாம். இவ்வகை அடுப்புகளுக்கு உரியது, சேர்க்கைகள் இல்லாத தூய நாஃப்தா என்ற இலகுவான பெட்ரோலிய எரிபொருள். இன்றைய வாகனப் பெட்ரோலில் உள்ள சேர்க்கைகள் நிப்பிளை அடைப்பதோடு, புகையும் உடலுக்குக் கேடு. கட்டுப்பாட்டு வால்வை மூடித்தான் இவற்றை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. தொட்டியை மறைக்கும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தையும், தொட்டியையும் சேர்த்து வளைக்கும் காற்றுத் தடுப்பையும் வைத்தால் தொட்டி அளவுமீறிச் சூடாகி, மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து தீ பீறிடும். பழைய பெட்ரோல் அடுப்பின் தொட்டிக் கசடில் ஈயச் சேர்மம் இருக்க வாய்ப்புண்டு. கையுறை அணிந்து கழுவுங்கள்.

எடுத்து வைக்கும்போது

பயணம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, மூடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் ரப்பர் வாஷர் அழுந்தி வடிவிழக்கும். பம்ப் தோலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வட்டத் தகட்டையும் ஸ்டவ் பின்னையும் தனிப்பையில் இட்டு அடுப்போடு கட்டுங்கள். தொலைவது எப்போதும் இவை இரண்டுதான். அதே பையில் ஒரு நிப்பிள், இரண்டு ஸ்டவ் பின், ஒரு தோல் வாஷர், ஒரு மூடி வாஷர், ஒருவழி வால்வுக்கான ரப்பர் துண்டு, ஓர் ஈய வாஷர் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். வால்வுச் சாவி பைக்குப் பெரிதாக இருந்தால் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைக்கலாம்.